செம்பு நிறையத் தண்ணீர்

மலாயாவில், குளுவாங் ரயில் நிலையத்திலிருந்து மாட்டுவண்டிச் சாலையில் நடந்தால், வேர்த்து விறுவிறுத்து, எப்போதடா வரும் என்று அலுத்துப்போன பிறகு வரும் தோட்டம் அது. அங்கே வேதக்காரக் குடும்பம் என்று சொல்லிக்கொள்ளப் பத்துப் பன்னிரண்டு இருந்தால் அதிகம். இந்தப் பத்துப் பன்னிரண்டுக்கும் மூன்று சபை. சேசு, செபம், சாமியார், பூசை என்கிற கத்தோலிக்கப் பூசைக்காரர்கள் ஒரு கட்சி. இயேசு, ஜெபம், ஐயர், ஆராதனை என்று பேசுகிற தஞ்சாவூர்ப் பக்கத்து லுத்தரன்கள் இன்னொரு கட்சி. மூன்றாவது கட்சிக்கு அந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு ஆள். அவள்தான் வெள்ளையம்மா.

லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் சுவரோடு சுவர் ஒட்டிக் குடியிருந்தார்கள். ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள், ஒரே காய்ச்சலில் படுத்தார்கள், ஒரே ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருவர் செத்து இறங்க அடுத்தவர் ஏறினார்கள். மோட்சத்துக்கு மட்டும் தனித்தனியாகத்தான் போவோம் என்று அடம்பிடித்தார்கள். ரப்பர்ப் பால்மரக் காட்டுக் கொசு அவர்களைவிட நியாயமானது. யார் எந்தச் சபை என்று கேட்டு அது கடிக்கவில்லை.

வெள்ளையம்மா பிறவியில் வேதக்காரி இல்லை. ஜெர்மன்காரனோடு முதல் பெரிய சண்டை தொடங்கிய வருஷம், நாமக்கல் பக்கத்திலிருந்து புருஷன் வேலுவோடும் இடுப்பில் ஒரு பெண் பிள்ளையோடும் கப்பலேறி வந்தவள். காட்டை வெட்டிப் புதிதாகக் கன்று நட்டுக்கொண்டிருந்த காலம். மரத்தை வெட்ட வெட்டப் பள்ளமெல்லாம் தண்ணீர் தேங்கிற்று. தண்ணீர் தேங்கத் தேங்க ஆட்கள் குறைந்தார்கள். ஒரே மழைக்காலத்தில் வேலு போனான். நாலு வயதுக் கருப்பாயி போனாள். அவளுக்குப் பின்னால் பிறந்து, இன்னும் பெயர்கூட வைக்காமல் சின்னவன் சின்னவன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆண்பிள்ளையும் போனான். வெள்ளையம்மா மட்டும் எப்படியோ பிழைத்து, குளுவாங் ஆஸ்பத்திரியில் மண்ணீரல் வீங்கிக் கிடந்தாள்.

அங்கே அவளைப் பார்க்க வருவதற்கு ஒருத்தி இருந்தாள். ரயில்வேயில் சரக்குக் கணக்கெழுதும் சாமான் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துச் சின்னத்தம்பியின் மனைவி அன்னபாக்கியம். வாரத்துக்கு ஒரு நாள் பார்லிக் கஞ்சி கொண்டுவந்து கட்டிலருகே உட்கார்ந்து பைபிள் வாசிப்பாள். வெள்ளையம்மாவுக்கு வாசிப்பு காதில் ஏறவில்லை. அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதை வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் புள்ளைங்க ரெண்டும் இப்ப எங்க இருக்கும்?"

கங்காணி பெண்டாட்டி, எல்லாம் விதி என்றாள். பூசைக்காரர்களின் உபதேசியார் ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தார். நல்ல மனுஷர்தான், பொய் சொல்லத் தெரியாதவர். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பாலர்களுக்கு வேதனை கிடையாது, ஆனால் சர்வேசுரன் முகத்தைப் பார்க்க முடியாத ஓர் இடத்தில் இருப்பார்கள் என்றார். வெளிச்சம் இருக்குமா என்று கேட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அன்னபாக்கியம் மட்டும் யோசிக்கவே இல்லை. "ஏன், கர்த்தரிட்டத்தான். பிள்ளையளுக்குத் தண்ணியும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். அவர் ஒண்டும் கேளாமல் தூக்கிக்கொள்ளுவார்" என்றாள்.

சிலர் அரிசிக்கு வேதத்தில் சேர்ந்தார்கள் என்று ஊரில் பேசுவார்கள். வெள்ளையம்மா இந்த ஒரு பதிலுக்குச் சேர்ந்தாள். சின்னத்தம்பி வீட்டில் கூடுகிற அந்தச் சிறு கூட்டத்துக்குக் கோயில் கிடையாது, ஐயர் கிடையாது. அறிவு வந்து விசுவாசித்தவர்களுக்கு மட்டும்தான் முழுக்கு; குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பது மனுஷர் கட்டிய வழக்கம் என்பது அவர்கள் கொள்கை. மெங்கிபோல் ஆறு செம்மண் கலங்கி ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னத்தம்பி அவளைத் தலைவரைக்கும் முக்கி எடுத்தார். தோட்டத்தில் அன்று சாயங்காலமே 'முழுக்குக்காரி' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டாள். தன் பிள்ளைகள் வெளிச்சத்தில் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு யார் என்ன பட்டம் கட்டினால் அவளுக்கென்ன?

தோட்டத்துத் துரை ஆயாக்கொட்டகை ஒன்று போட்டபோது அவளையே ஆயாவாக வைத்தார்கள்; முழுக்குக்காரி 'முழுக்காயா' ஆனாள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகிற தாய்மார், கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு மரம் வெட்ட, அதாவது பாலுக்குப் பட்டை சீவ, போவார்கள். கூரைக் கட்டையில் வரிசையாகத் தூளி தொங்கும். அவள் ஒன்றை ஆட்டிவிட்டு மற்றதற்குப் போவாள். பால் புட்டி, கஞ்சி, மூத்திரத் துணி, அழுகை. நிலைப்படி ஓரத்தில் ஒரு பித்தளைச் செம்பு நிறையக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எப்போதும் இருக்கும்.

சூசையம்மாள் பூசைக்காரி. புருஷன் சவரிமுத்துவும் அவளும் ஆறாம் நம்பர் காட்டில் மரம் வெட்டினார்கள். தலைப்பிள்ளை பிறந்தபோது சாமியார் வந்துபோய்ச் சில வாரம்தான் ஆகியிருந்தது. அந்த வெள்ளைக்காரச் சாமியார் சிங்கப்பூரிலிருந்து ரயிலேறி வரவேண்டும். வழியிலுள்ள தோட்டமெல்லாம் பார்த்துவிட்டு இங்கே வர மாதங்கள் ஆகும். அந்தோணி என்று பெயரை மட்டும் முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள் சூசையம்மாள்.

"அக்கா, சாமியார் வர்றதுக்குள்ள ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்களே கொஞ்சம் தண்ணி ஊத்திடுங்க. நெத்தியில ஊத்தி, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து பேரைச் சொன்னாப் போதும்."

"நானா? என்ன பேச்சு பேசுற? எங்க கூட்டத்துல அது தப்பு. எனக்கு நம்பிக்கை இல்லாதத எப்படிச் செய்வேன்?"

"நீங்க நம்ப வேணாம்க்கா. ஊத்துனாப் போதும். ஆபத்துக்கு யாரு ஊத்துனாலும் செல்லும்னு உபதேசியார் சொல்லியிருக்காரு. பதிதர் கையானாலும் செல்லுமாம், இந்துக்காரங்க கையானாலும் செல்லுமாம்."

பதிதர் என்றால் வழி தவறிப்போன சபைக்காரர்கள், அதாவது வெள்ளையம்மா. சொன்னவளுக்கு அது வசவு என்றே தெரியாது. உப்பு, புளி மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"பெத்தவ நீயே ஊத்திக்கயேன்."

"வேற ஆளே இல்லாட்டித்தான் பெத்தவ கையாம். நான் காட்டுல இருப்பேன், நீங்கதானே இவன்கூட இருப்பீங்க."

வெள்ளையம்மாவுக்கு வாய்வரை வந்தது. உன் பிள்ளைக்குத் தண்ணீர் இல்லாமல் மோட்சம் இல்லையென்றால் என் பிள்ளைகள் எங்கேடி என்று கேட்க வந்தது. பச்சை உடம்புக்காரியிடம் அதையா கேட்பது என்று விழுங்கிக்கொண்டாள். "அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது, போ. பிரட்டுக்கு நேரமாச்சு" என்றாள். அதைச் சூசையம்மாள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போனாள். வெள்ளையம்மா அதை மறுப்பு என்று நினைத்துக்கொண்டு தூளியை ஆட்டினாள். இருவரும் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பேசவில்லை.

அந்தோணி மூன்று மாதம் கொழுகொழுவென்று வளர்ந்தான். பிறகு ஒரு காலையில் தூளிக்குள் அனலாகக் கிடந்தான். வெயில் ஏறுமுன் வலிப்பு வந்துவிட்டது. கொட்டகை கூட்டுகிறவளை, தோட்டத்து மருந்துக்காரனான டிரசரிடமும் ஆறாம் நம்பர் காட்டுக்கும் ஓடச் சொல்லிவிட்டு வெள்ளையம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். கண் மேலே செருகிற்று. உதடு நீலம் பாய்ந்தது. எத்தனை பிள்ளைகளை இந்த நிறத்தில் பார்த்திருக்கிறாள் அவள். இது நிற்காது என்று தெரிந்துவிட்டது.

செம்பு கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் எடுத்தாள். இல்லையென்று சொல்லமுடியாது, எடுக்கத்தான் எடுத்தாள். பிள்ளையின் நெற்றிக்கு மேலே கொண்டுபோனாள். கொண்டுபோன கை அங்கேயே நின்றது. கூட்டத்துக்குப் பயந்தா? சின்னத்தம்பியின் முகம் ஞாபகம் வந்தா? அதெல்லாம் இல்லை. கருப்பாயி ஞாபகம் வந்தாள். பெயரில்லாத சின்னவன் ஞாபகம் வந்தான். இந்தத் தண்ணீர் இவனைக் காப்பாற்றும் என்று ஊற்றினால், அந்த இரண்டையும் தன் கையாலேயே இருட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினது ஆகாதா? ஒரு சொட்டுத் தண்ணீருக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. செம்பைக் கீழே வைத்தாள். "ஆண்டவரே, இது உம்ம புள்ள, நீரே தூக்கிக்கும்" என்று அழுதாள். அழுது முடிக்கிறதற்குள் மடியில் கனம் மாறிவிட்டது.

சூசையம்மாள் ஓடிவந்தாள். கையெல்லாம் மரத்துப் பால் காய்ந்து தோல் உரிகிற மாதிரி இருந்தது. பிள்ளையைத் தொடவில்லை, பிள்ளையைப் பார்க்கவில்லை. வெள்ளையம்மாவின் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஊத்துனீங்களா?"

"ஊத்துனேன்" என்றாள் வெள்ளையம்மா.

நினைத்துச் சொன்னதல்ல. பொய் சொல்லமாட்டாள் என்று பேரெடுத்தவள் வாயிலிருந்து அது தானாக விழுந்தது. அந்த நேரத்தில் அந்த முகத்தைப் பார்த்து வேறெதையும் சொல்ல, கல்லால் செய்த ஆள் வேண்டும்.

சூசையம்மாள் பிள்ளையை வாங்கினாள். தலையைத் தன் கன்னத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவள் பார்வை தரையில் போயிற்று, செம்பில் போயிற்று. பிறகு வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். சவரிமுத்து வந்து கூட்டிக்கொண்டு போனான்.

பூசைக்காரர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கென்றே மந்திரித்த மண்ணில், சிலுவை நட்ட ஓரத்தில் அந்தோணியை அடக்கம் செய்தார்கள். முழுக்காயா ஊற்றிய கதை தோட்டம் முழுக்கப் பரவியது. இதுவரை அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட பூசைக்காரப் பெண்கள் நின்று பேசினார்கள். லுத்தரன் வீட்டுக் கிழவி ஒருத்தி, "அவசரத்துக்கு நீதான் மனுஷி" என்றாள். கொஞ்ச நாளைக்கு அந்தப் பத்துப் பன்னிரண்டு வீடும் ஒரே வீடு மாதிரி இருந்தது. நடக்காத ஒன்றின்மேல் கட்டிய ஒற்றுமை. வெள்ளையம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மாதங்கள் கழித்துச் சாமியார் வந்தார். சவரிமுத்து வீட்டு வாசலில் மேசை போட்டுப் பூசை வைத்தார். முடிந்ததும் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நீண்ட தாடி, காய்ச்சலில் மஞ்சளித்த கண். புத்தகத்தில் இருக்கிற மாதிரித் தமிழ் பேசினார்.

"தண்ணீர் தலையில் பட்டு ஓடினதா?"

"ஓடிச்சு சாமி."

"அந்த நேரத்திலேயே வார்த்தைகளையும் சொன்னாயா?"

"சொன்னேன்."

"என்ன எண்ணத்தோடு செய்தாய்?"

அவள் சூசையம்மாள் பக்கம் திரும்பினாள். "இந்தப் பொண்ணு கேட்டதச் செஞ்சு குடுக்கணும்னு இருந்துச்சு சாமி" என்றாள். அன்று முழுவதிலும் அவள் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

"போதும். நீ எந்தச் சபையாயிருந்தாலும் சரி, அது செல்லும்" என்று சாமியார் கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணினார். வெள்ளையம்மா அடி விழப்போகிறது மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டாள். சூசையம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். தலை நிமிரவே இல்லை.

குளுவாங்குக்கு இந்தச் செய்தி எப்படிப் போனது என்று கேட்கவே வேண்டாம். தண்டவாளத்தில் வேலை செய்த பூசைக்காரர்கள், "உங்க கூட்டத்து அம்மாவே எங்க புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டாங்களே" என்று சாமான் கிராணியிடமே பெருமையடித்திருக்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ரயில்வே குவாட்டர்ஸில் பாட்டு முடிந்ததும் சின்னத்தம்பி அவள் பக்கம் திரும்பினார். கூட்டத்தில் எல்லாரும் சகோதரர் சகோதரிதான். ஆனாலும் கிராணிமார் நாற்காலியில் உட்கார, அவள் பாயில் உட்காருவாள். அவள் வாயில் அவரைப் பார்த்தால் 'ஐயா'தான் வரும். யாரும் திருத்தியதில்லை.

"சகோதரி, நீங்கள் ஒரு பாலனுக்குத் தண்ணி வார்த்ததெண்டு சொல்லுகினம். மெய்யோ?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகும். ஆனால் அந்த வார்த்தை மறுநாளே தண்டவாளம் வழியாகத் தோட்டத்துக்குப் போய்விடும். சிலுவை ஓரத்து மண்ணைத் தோண்டுவார்களோ என்னவோ. தோண்டாவிட்டாலும் சூசையம்மாள் செத்துப்போவாள். வெள்ளையம்மா பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"மெய்யில்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. மெய்யெண்டால் பிழையெண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லு போதும்." சின்னத்தம்பிக்குக் கண் கலங்கியிருந்தது. கெட்ட மனுஷர் இல்லை அவர். கெட்டவராயிருந்தால் சமாளித்திருக்கலாம்.

"என்னத்தச் சொல்றது ஐயா" என்றாள் அவள்.

அன்று கர்த்தருடைய பந்திக்கான அப்பம் பிட்டுத் தட்டில் வந்தது. அன்னபாக்கியம் தன் துண்டை எடுத்தாள். தட்டை வெள்ளையம்மாவின் மடிக்கு மேலாக நீட்டி அந்தப் பக்கம் இருந்தவளிடம் கொடுத்தாள். தட்டு சாய்ந்ததில் ஒரு பொருக்கு வெள்ளையம்மாவின் சேலையில் விழுந்தது. அதை எடுத்து வாயில் போடவும் பயம், தட்டிவிடவும் பயம். வீடு வந்து சேருமட்டும் அந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டே நடந்தாள்.

அப்போதும் அவள் கூட்டத்தை விடவில்லை. ஞாயிறு தவறாமல் போனாள், பின்னால் உட்கார்ந்தாள், தட்டு ஒவ்வொரு முறையும் அவளைத் தாண்டிப் போயிற்று. அவள் மனசு கசந்துபோனது. ஊற்றியிருந்தாலாவது சரி, ஊற்றாமலேயே இந்தப் பக்கம் தண்டனை, அந்தப் பக்கம் மரியாதை, இரண்டும் திருடின மாதிரி. ஒன்று மட்டும் நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமைதோறும் கொட்டகை வாசலில் யாரோ கத்தரிக்காயோ கீரையோ ஒரு முட்டையோ வைத்துவிட்டுப் போவார்கள். சூசையம்மாள்தான் என்று தெரியும். நன்றிக் கடன் என்று நினைத்துக்கொண்டு, அதைச் சாப்பிடப் பிடிக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள்.

மூன்று வருஷம் போயிற்று. சூசையம்மாளுக்கு மறுபடி ஆண்பிள்ளை பிறந்தது. மிக்கேல் என்று பெயர் வைக்க இருந்தார்கள். அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. ரயில் பாதையை வெள்ளம் அரித்துவிட்டதால் சாமியார் வரமுடியவில்லை. உபதேசியாரும் அதற்கு முந்தின வருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார். மழையால் வெட்டு வேலை இல்லாத ஒரு பகலில், கொட்டகையில் வெள்ளையம்மா தனியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சூசையம்மாள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, நெஞ்சோடு பிள்ளையை அணைத்தபடி உள்ளே வந்தாள். பிள்ளைக்கு அதே அனல், அதே செருகின கண். டிரசர் கொய்னா மருந்து கொடுத்துப் பார்த்துக் கைவிட்டுவிட்டான்.

"அக்கா, ஊத்துங்க" என்றாள்.

வெள்ளையம்மா எழுந்தாள். அவள் வாய் திறக்கிறதற்குள் சூசையம்மாள் சொன்னாள், "அன்னிக்கு நீங்க ஊத்தலன்னு எனக்குத் தெரியும்."

மழை தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது. வெள்ளையம்மா காதில் சரியாக விழவில்லையோ என்று நின்றாள்.

"வாங்குனப்பவே தெரியும்க்கா. புள்ள தல காஞ்சு கெடந்துச்சு. தரையில ஈரமே இல்ல. செம்பு தளும்பத் தளும்ப நெறைஞ்சு இருந்துச்சு." அவள் அழவில்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "மொதல்ல ஒங்களக் கொன்னுடலாம்னு வந்துச்சு. அப்புறம், நீங்க ஊத்துனேன்னு சொன்னத வச்சுத்தானே அவனுக்கு மந்திரிச்ச மண்ணு கெடச்சுதுன்னு வாய மூடிக்கிட்டேன். ஒங்க கூட்டத்துல ஒங்கள ஒதுக்கி வச்சாங்களே, அதும் தெரியும். நான் ஒரு நட நடந்து போய்ச் சொல்லியிருந்தா ஒங்களச் சேத்திருப்பாங்க. சொல்லலியே. கத்தரிக்காதான் கொண்டாந்து வச்சேன்."

வெள்ளையம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ரெண்டு புள்ளைங்க போச்சு சூசை. தண்ணி இல்லாமத்தான் போச்சு. ஒம்புள்ளைக்கு ஊத்துனா அதுங்க..."

"தெரியும்க்கா." சூசையம்மாளும் அவள் எதிரே உட்கார்ந்தாள். "அத நெனச்சுத்தான் நானே உசிரோட இருக்கேன். எங்க அந்தோணி அந்த இருட்டு எடத்துல கெடப்பானேன்னு ராவெல்லாம் தவிப்பேன். அப்புறம், அவன் தனியா இல்லியே, வெள்ளையம்மா அக்கா புள்ளைங்க ரெண்டும் அங்கதானே இருக்குன்னு நெனச்சுக்குவேன். ஒங்க கருப்பாயி பெரிய பொண்ணு. அவன இடுப்புல தூக்கி வச்சிருப்பா. அவ பேரச் சொல்லித்தான் தெனமும் செபம் பண்றேன்."

இத்தனை வருஷமாக அந்த இருட்டைப் பற்றி நினைக்கவே மாட்டேன் என்று மனதை இறுக்கி வைத்திருந்தவள் வெள்ளையம்மா. அந்த இருட்டுக்குள்ளே தன் பெண் இன்னொருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பதை இப்போது பார்த்தாள். அவளுக்கு இருட்டில் நம்பிக்கை இல்லை. ஆனால் பெண்ணைப் பார்த்தாள். இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, தம்பியைத் தூக்கி வைத்திருப்பாளே, அதே மாதிரி.

"இவனாச்சும் சாமி மொகத்தப் பாக்கட்டும்க்கா," என்றாள் சூசையம்மாள். "பாத்துட்டு, அங்க மூணு பேரு நிக்கறாங்க, அவங்களையும் கூப்பிடுங்கன்னு சொல்லட்டும். பச்சப்புள்ள கேட்டா இல்லேம்பாரா?"

வெள்ளையம்மா நிலைப்படியோரம் போய்ச் செம்பை எடுத்துவந்தாள். "வார்த்த எனக்கு வராது. நீ சொல்லு, நான் சொல்றேன்."

சூசையம்மாள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தையாக அவள் எடுத்துக்கொடுக்க, வெள்ளையம்மா ஊற்றிக்கொண்டே திருப்பிச் சொன்னாள். பிதா என்றாள். சுதன் என்றாள். கூட்டத்தில் குமாரன் என்று சொல்லிப் பழகிய நாக்கு கொஞ்சம் இடறிற்று. இஸ்பிரீத்து சாந்து என்றாள். கொஞ்சம் ஊற்றினால் போதும், அவள் நிறுத்தவில்லை. செம்பு தீருமட்டும் ஊற்றினாள். தண்ணீர் பிள்ளையின் நெற்றியிலிருந்து வழிந்து இரண்டு பெண்களின் மடியையும் நனைத்துத் தரையில் ஓடிற்று. மிக்கேல் குளிர்ச்சி பட்டு ஒரு முறை கண்ணைத் திறந்தான்.

சாயங்காலம் ஆகுமுன் போய்விட்டான். சவரிமுத்து நனைந்துகொண்டே ஓடிவந்து வாசலில் நின்று, "ஊத்தியாச்சா?" என்றான். "ஊத்துனோம்" என்றாள் வெள்ளையம்மா. அண்ணன் பக்கத்தில் அவனையும் வைத்தார்கள். தோண்டுகிற குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. சவரிமுத்து தன் சட்டையைக் கழற்றி அதை ஒற்றி ஒற்றி எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளையம்மா வழக்கம்போலக் குளுவாங்குக்கு நடந்தாள். அன்று யாரும் கேட்பதற்காக அவள் காத்திருக்கவில்லை. பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றாள்.

"ஐயா, மொத தடவ நான் ஊத்தல. ஊத்துனேன்னு பொய் சொன்னேன். அது பாவந்தான், அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன். இந்தத் தடவ ஊத்துனேன். நெறையவே ஊத்துனேன். அதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டேன். மொத கத தோட்டத்துக்குப் போனா அந்தப் பொண்ணு புள்ளையோட மண்ணுக்கு ஆபத்து. இத இங்கயே வச்சுக்குங்க. என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க."

சின்னத்தம்பி நீண்ட நேரம் பைபிளின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். இனி இந்த வீட்டு மேசையில் அவளுக்குப் பங்கில்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. இருக்கிறது என்று சொல்லவும் எழவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வெள்ளையம்மா தானே தன் பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அன்னபாக்கியம் பின்னாலேயே வாசல்வரை ஓடிவந்தாள். அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்து தான் சொன்ன பதில் அவளுக்கும் மறந்திருக்காது.

"வெள்ளையம்மா, அப்ப உங்கட ரெண்டு பிள்ளையளும்? அதுகள் கர்த்தரிட்ட இருக்குதெண்டு நீங்கள் இப்ப நம்பேல்லையோ?"

"ரெண்டு இல்லக்கா, மூணு பேரு" என்றாள் வெள்ளையம்மா. "எங்க இருக்காங்கன்னு இனிமே நான் யார்கிட்டயும் கேக்கப்போறதில்ல. கூட்டியாறதுக்குச் சூசை புள்ள மிக்கேல் போயிருக்கான்."

சொல்லிவிட்டு, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றுச் சாலையில் தோட்டத்தைப் பார்த்து நடந்தாள். மறுநாள் பிரட்டுக்கு முன்னால் கொட்டகையைத் திறக்கவேண்டும்.